அதிர்ஷ்ட மூங்கிலுக்குத் தண்ணீர் மாற்றியவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது மூங்கிலே இல்லை. மூங்கில் மாதிரி கணு கணுவாக இருக்கும் வேறு ஏதோ செடி. ஆனால் எங்கள் சாங்குவா ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால், போய் வாயைக் கழுவிக்கொண்டு வா என்பார்கள். கடை திறந்தால் அது, வீடு குடிபுகுந்தால் அது, வருஷப் பிறப்பு வந்தால் அது. என் தம்பி மிங்-டா இரண்டாவது ஸ்கூட்டர் கடை திறந்தபோது, ஒன்பது தண்டுகளைச் சேர்த்துச் சிவப்பு ரிப்பன் கட்டிய கட்டு ஒன்றை வாங்கிவந்து, கூடத்தில் முன்னோர் மாடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜாடியில் வைத்தான். வைத்ததோடு அவன் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் என் தலையில்.

இந்தச் செடியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் வாழ்க்கைப்பட்டுப் போனது தியென்வெய்க்கு. அங்கே ஊரே பூவும் செடியும்தான். மாமனார் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் இதே தண்டுகளை அளவு பார்த்து வெட்டினேன், வெட்டிய நுனியில் மெழுகு தொட்டேன், சுருளாக வளர வேண்டும் என்பதற்காக இருட்டுக் கொட்டகையில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விட்டு, சில நாளைக்கு ஒரு தரம் தொட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தேன். என் கணவனுக்கு வேறொருத்தியிடம் ஆண் குழந்தை பிறந்ததும், மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டாள், என்னை வாசலைக் காட்டி அனுப்பினாள். விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இப்போது எனக்கு ஐம்பத்து மூன்று.

அதனால் ஜாடியில் நிற்கிற அந்த ஒன்பது பேருக்கும் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. அதில் கலக்கிற மருந்து இலை நுனியைக் கருக்கிவிடும். முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் தண்டுகளை வெளியே எடுத்து, கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவி, வேர்களை விரலால் அலச வேண்டும். நல்ல வேர் செக்கச் சிவப்பாக இருக்கும். நேர் வெயில் ஆகாது, ஏ.சி. காற்று ஆகாது, மாடத்து ஊதுவத்திப் புகை இலையில் படிந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அப்பாவுக்குச் செய்வதைத்தான் கிட்டத்தட்ட அதற்கும் செய்தேன். அவருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. துடைப்பதும் திருப்பி விடுவதும் ஊட்டுவதும் நான்தான். வாய் கோணிவிட்டது, பேச்சு குழறும்; பழகிய எனக்குப் புரியும்.

மூங்கில் தளதளவென்று வளர்ந்தது. மிங்-டாவின் கடை இரண்டு மூன்றாயிற்று. வருகிறவர்கள் எல்லாரும் ஜாடிக்கு முன்னால் நின்று, "மிங்-டா, உன் அதிர்ஷ்டத்தப் பாருய்யா, இலையில எண்ணெய் வழியுது!" என்று அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். அவனும் பல் தெரியச் சிரிப்பான். தண்ணீர் மாற்றுவது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் தேநீர்த் தட்டோடு பக்கத்தில்தான் நிற்பேன்.

வீடு மூன்று மாடி. கீழே கடை, நடுவில் அப்பாவும் நானும், மேலே மிங்-டாவும் அவன் மனைவி லி-ச்சுன்னும். அவர்கள் மகள் கனடாவில் படிக்கிறாள். வருஷம் முழுக்க ஒரே அடுப்பில்தான் சாப்பாடு. வருஷத்தின் கடைசி நாள் மட்டும் நான் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் வருஷக் கடைசிச் சாப்பாட்டைச் சாப்பிட்டால் கூடப் பிறந்தவனின் செல்வத்தைச் சாப்பிட்டதாகக் கணக்கு. புருஷன் வீடு இல்லாமல் போனால் என்ன செய்வது என்று அந்தக் கணக்கில் எழுதவில்லை. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குக் காலையிலிருந்து எல்லாம் சமைத்து வைத்துவிட்டு, நாலு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்து விடுதிக்குப் போவேன். சுடுதண்ணீர் ஊற்றிய கோப்பை நூடுல்ஸ் சாப்பிடுவேன். புது வருஷத்தின் இரண்டாம் நாள்தான் கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருகிற நாள்; அன்றைக்கு ஒரு பழக்கூடையோடு, மாமியார் வீட்டிலிருந்து வருகிற மகளைப் போலப் படியேறி வருவேன். ஏழு வருஷம் இந்த நாடகத்தை நடத்தியிருக்கிறேன். வெட்கம் விட்டுச் சொல்கிறேன், ஏழு வருஷமும் அந்த நூடுல்ஸ் தொண்டையில் இறங்கவில்லை.

இந்த வருஷம் எனக்கு ஒரே ஆசை இருந்தது. அப்பாவுக்கு எண்பத்து நாலு. அடுத்த வருஷம் அவர் இருப்பார் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். ஒரே ஒரு தடவை, அந்தச் சாப்பாட்டுக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு ஊட்ட வேண்டும். கடைசி மாதம் பிறந்ததும் கீழே கடைக்குப் போய் மிங்-டாவிடம் கேட்டே விட்டேன்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றான் மிங்-டா, கையிலிருந்த செயினைத் துடைத்துக்கொண்டே.

"எந்த நாலு பேருடா? அவங்களா வந்து அப்பாவுக்குத் துணி மாத்துறாங்க?"

"அதில்லக்கா, சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கில்ல."

"சரி, சாஸ்திரத்துக்கே வரேன். மூணு வருஷமா அந்த ஜாடித் தண்ணிக்குள்ள இருக்கறது யார் கை?"

"உன் கைதான்."

"உன் கடை ரெண்டு மூணாச்சா இல்லையா?"

"ஆச்சு."

"அப்போ தண்ணி மாத்துனா உனக்கு அதிர்ஷ்டத்தக் கொண்டாற கை, சோத்த அள்ளுனா தரித்திரத்தக் கொண்டாருமா? ரெண்டும் ஒரே கைடா, முட்டாளே."

அவன் சிரித்துவிட்டான். "நியாயந்தான். பாக்கறேன்க்கா" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கு அப்பாவிடம் சொன்னேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினார்.

இரண்டு நாளில் அப்பாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். நான் அங்கேயே அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டில் போட்டுக் கிடந்தேன். மூங்கிலுக்கு வாளித் தண்ணீரை மட்டும் குறையக் குறைய ஊற்றுங்கள், வேறெதையும் தொடாதீர்கள் என்று லி-ச்சுன்னிடம் சொல்லியிருந்தேன். திரும்பி வந்து கூடத்தில் காலடி வைத்ததும் தெரிந்தது. நடுவில் இருந்த தண்டு கழுத்திலிருந்து அடிவரை மஞ்சள். பக்கத்துத் தண்டு இலை தொங்கிப் போய் நிற்கிறது. ஜாடியிலிருந்து ஒரு வாடை.

லி-ச்சுன் மாடிப்படியிலேயே காத்திருந்தாள். இந்த மாதிரி விஷயத்துக்கு அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

"பாத்தீங்களாக்கா? மூணு வருஷமா ஒரு இலை வாடல. நீங்க வந்து சாப்பாட்டுக்கு உக்காரணும்னு கேட்டீங்க, அன்னியிலேருந்து இப்படி."

"நான் கேட்டது மூங்கிலுக்குக் காது கேட்டிருச்சாக்கும்."

"சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு. கடைக்கு வர்ற பார்ட்டி ஒண்ணு கைவிட்டுப் போயிருச்சு தெரியுமா?"

அப்பாவைப் படுக்க வைத்துவிட்டு, ஜாடியைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்தேன். கூழாங்கற்களோடு ஒரு சின்னக் கொத்து விழுந்தது. நடுவில் சதுர ஓட்டை போட்ட பழைய செப்புக் காசுகள், ஐந்து, சிவப்புக் கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டிருந்தது. மேலெல்லாம் பச்சைக் களிம்பு. தண்ணீரும் லேசாகப் பச்சை. வேர்கள் கறுத்துக் கூழாகியிருந்தன. தியென்வெய்யில் செப்புக் கம்பி விழுந்த தொட்டியைப் பார்த்திருக்கிறேன், இதே கோலம்தான். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபத்தில் அல்ல, நிம்மதியில். என் கை அல்ல, காசு. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

மிங்-டாவை மேலே கூப்பிட்டு அந்தக் கொத்தை அவன் மூக்குக்கு முன்னால் ஆட்டினேன்.

"யாருடா போட்டது?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. லி-ச்சுன்னைப் பார்த்தான், அவள் குழாயைப் பார்த்தாள்.

"லோ வாத்தியார் போடச் சொன்னார்க்கா" என்றான். லோ வாத்தியார் மனை பார்க்கிறவர். மிங்-டா ஸ்டாண்டு போட்டு வண்டி நிறுத்துவதற்குக்கூட அவரைக் கேட்டுத்தான் திசை வைப்பான்.

"எதுக்குப் போடச் சொன்னாரு? அதிர்ஷ்டம் பத்தலயாமா?"

"அது வந்து... நீ உக்காரலாமான்னு கேக்கத்தான்க்கா போனேன். சத்தியமா உனக்காகத்தான் போனேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

அவன் கையைப் பிசைந்தான். லி-ச்சுன்தான் சொன்னாள். "வீட்டுக்குள்ள வீடு இல்லாத பொம்பள ஒருத்தி இருக்கான்னாரு. அந்தத் தோஷம் தண்ணி வழியா ஏறுதாம். அதை அமுக்கத்தான் காசு."

என்னை அமுக்குவதற்காக ஜாடியின் அடியில் காசு வைத்திருக்கிறார்கள். நான் கழுவிய கல்லுக்குள், நான் வளர்த்த வேருக்கு நடுவில். அது என்னை ஒன்றும் செய்யவில்லை, அவர்கள் மூங்கிலைத்தான் தின்றது. இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே அழுகின இரண்டு தண்டையும் பிடுங்கிப் போட்டேன், மற்ற ஏழின் வேரிலும் கறுத்ததைக் கிள்ளி எடுத்தேன், புதுத் தண்ணீரில் வைத்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் தெரியாது. கை பழகிவிட்டது.

பிறகு ஒரு வாரம் மிங்-டா என் கண்ணில் படாமல் நடமாடினான். கெட்டவன் இல்லை அவன். கெட்டவனாக இருந்தால் ஒரு வசவோடு முடித்திருப்பேன். வருஷப் பிறப்புக்கு மூன்று நாள் முன்னால், வாயெல்லாம் பல்லாக வந்து அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, வழி கெடச்சிருச்சு! கீழ்த் தெரு குவோ வீட்ல பெரியவரப் பாத்துக்க ஜாவாவுலேருந்து ஒரு பொண்ணு வந்திருக்கில்ல? அது வருஷா வருஷம் அவங்களோடவே உக்காந்து சாப்பிடுது. ஒரு தோஷமும் இல்ல. ஏன்? வேலைக்கு இருக்கறவங்களுக்கு அந்தச் சட்டம் கெடையாது. லோ வாத்தியார்கிட்டயும் கேட்டுட்டேன். சரின்னுட்டாரு."

"எனக்குப் புரியல."

"அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் நீ அப்பாவப் பாத்துக்க வந்த ஆளு. நான் உனக்குச் சிவப்பு உறையில பணம் வச்சுத் தரேன், நீ வாங்கிக்கிற. அவ்வளவுதான். வாங்கிட்டா நீ மகளாவும் ஆக மாட்ட, அக்காவாவும் ஆக மாட்ட. ஜம்முனு அப்பா பக்கத்துல உக்காந்துக்கலாம்."

அப்பாவைப் பார்த்தேன். அவர் கோணின வாயால் சிரித்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மகனுக்கும் நட்டமில்லை, மகளும் பக்கத்தில் இருப்பாள் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பேர் என்னவாக இருந்தால் என்ன, நாற்காலி நாற்காலிதானே என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கு இப்போது என்னையே நான்கு அறை அறையலாம் போலிருக்கிறது.

கடைசி நாள் விடியற்காலையிலேயே எழுந்தேன். கோழி, முள்ளங்கிப் பணியாரம், நீளக் கீரை, முழு மீன், சூப்பு, எல்லாம் என் கைதான். அப்பாவுக்குப் புதுச்சட்டை போட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தேன். மேசைக்கு நடுவில், சுற்றி உட்கார்ந்து கொதிக்கக் கொதிக்க எடுத்துச் சாப்பிடுகிற சூப்பு அடுப்பு. அப்பாவின் இடப்பக்கம் எனக்கு ஒரு நாற்காலியை நானே இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தும் பார்த்துக்கொண்டேன், யாரும் இல்லாத நேரத்தில்.

ஐந்து மணிக்கு மாடத்தின் முன்னால் படையல் வைத்தோம். மாடத்தில் ஒரே பெயர்ப் பலகைதான், அதற்குள் எங்கள் குடும்பத்துச் செத்தவர்கள் எல்லாரும். பதினொரு வருஷமாக என் அம்மாவும் அதில்தான் இருக்கிறாள். மிங்-டா ஊதுவத்தி கொளுத்திக்கொண்டான். லி-ச்சுன் அவன் முழங்கையை இடித்து, "சொல்லிடுங்க, தெரியாம கோச்சுக்கப் போறாங்க" என்று முணுமுணுத்தாள்.

மிங்-டா தொண்டையைச் செருமிக்கொண்டான். "முன்னோர்களே, இன்னிக்கு மேசைல நாலாவதா ஒருத்தங்க உக்காருவாங்க. அப்பாவப் பாத்துக்க நாங்க சம்பளத்துக்கு வச்சிருக்கற ஆள். இந்தக் குடும்பத்துப் பொண்ணு இல்ல. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

சாப்பாட்டு மேசையில் ஒரு நாடகம் என்றுதான் நினைத்திருந்தேன். செத்தவர்களிடமும் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவிடம் சொல்வார்கள் என்று.

"அப்பா, நீங்கதான் பெரியவர். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றான் மிங்-டா.

வேண்டாம் அப்பா என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் ஒரு முழு வார்த்தை அவர் வாயிலிருந்து தெளிவாக வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. "ஆமா. கூலிக்கு" என்றார்.

லி-ச்சுன் பெருமூச்சு விட்டாள். மிங்-டா சிவப்பு உறையை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். நான் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து நாற்காலி முதுகில் மடித்துப் போட்டேன்.

"அடுப்பு தயாரா இருக்கு. அப்பாவுக்கு மீன முள் எடுத்துட்டுக் குடுங்க, சூப்ப ஆறவச்சு ஊட்டுங்க. எட்டு மணிக்குத் துணி மாத்தணும், பெரிய பாக்கெட்ல இருக்கு."

"எங்கக்கா போற?" என்றான் மிங்-டா.

"லீவு. கூலிக்கு இருக்கறவங்களுக்கு வருஷப் பிறப்புக்கு லீவு உண்டு, உனக்குத் தெரியாதா? கடைப் பையன்களுக்கு நீ குடுக்கல?"

"அக்கா, வெளையாடாத. எல்லாம் உனக்காகத்தானே பண்ணேன்."

"அப்போ மூங்கிலுக்கு யாரு தண்ணி மாத்துறது? நாளைக்கு ஞாயித்துக்கெழமையாச்சே!" என்றாள் லி-ச்சுன். அவளுக்கு உண்மையாகவே கவலை.

"தோஷம் இல்லாத கை நாலு இருக்கு இந்த வீட்ல. யாராவது மாத்துங்க."

அப்பாவுக்கு அப்போதுதான் ஏதோ விளங்கியது. இடது கையைத் தூக்கினார். அந்தக் கையைப் பார்த்தால் நின்றுவிடுவேன் என்று தெரியும், அதனால் பார்க்காமல் படி இறங்கினேன். தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, எல்லா வீட்டிலிருந்தும் கோழி வேகும் வாசனை.

விடுதிக்காரி என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வழக்கமான அறைச் சாவியைத் தந்தாள். நூடுல்ஸ் கோப்பையில் சுடுதண்ணீர் ஊற்றி மூடிவைத்த நேரத்தில் மிங்-டாவின் போன் வந்தது. பேச்சில் அழுகை கலந்திருந்தது.

"அக்கா, அப்பா வாயத் தெறக்க மாட்டேங்கறாரு. லி-ச்சுன் ஊட்டுனா துப்புறாரு. உன் பேரையே சொல்லிட்டிருக்காரு. வந்துருக்கா, கெஞ்சிக் கேக்கறேன். இப்பவே ஸ்கூட்டர எடுத்துட்டு வரேன்."

"எந்தப் பேர?"

"பி-சியான்னுதான்."

"வரேன்டா. ஒண்ணே ஒண்ணு செய். போனக் கையில வச்சுட்டு மாடத்துக்கு முன்னாடி போய் நில்லு. அம்மாகிட்ட சொல்லு, இன்னிக்கு மேசைல உக்காரப்போறது உன் பொண்ணு பி-சியான்னு. என் காதுல விழணும். சொன்னவுடனே கெளம்பி வரேன்."

அவன் நடக்கும் சத்தம் கேட்டது. நின்றான். தீக்குச்சி உரசும் சத்தம்கூடக் கேட்டது. உள்ளே லி-ச்சுன் ஏதோ சொன்னாள், மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி.

"அக்கா" என்றான் மிங்-டா கடைசியில். "மூணு கடை இருக்குக்கா. வருஷத்துல இந்த ஒரு நாள்... வேற எது வேணாலும் கேளு."

அவனுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. குழறல்தான், ஆனால் பேர் புரிந்தது. பி-சியா, பி-சியா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நான் போனை அணைத்தேன்.